அத்தியாயம் 9: கியர் மாற அடம்பிடிக்கும் பழைய ஆட்டோமேட்டிக்

ஆட்டோமேட்டிக் கார் கியர் மாறும்போது வெட்டி இழுத்தாலோ, டி-யில் போட்டும் நகராமல் நின்றாலோ, நம் பக்கத்தில் முதலில் காதில் விழும் தீர்ப்பு ‘பாக்ஸ் போச்சு’ என்பதுதான். பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய சின்னக் காரின் விலையில் பெரும்பங்கை விழுங்கிவிடும் தீர்ப்பு அது. பெரியதாழை, மணப்பாடு, உவரி போன்ற கடற்கரை ஊர்களில் நிற்கும் வண்டிக்கு அந்தத் தீர்ப்பைச் சொன்ன உடனே ஏற்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. கியர்பாக்ஸுக்கு உத்தரவு போவது ஒயர் வழியாக. ஒயருக்கு இங்கே முதல் எதிரி உப்புக்காற்று. பாக்ஸைக் கழற்றச் சொல்லும் முன் வீட்டு வாசலிலேயே என்னென்ன பார்க்கலாம், எந்த அறிகுறி எதைக் காட்டுகிறது, மெக்கானிக்கிடம் எதைச் சொல்ல வேண்டும் என்பதையே இங்கே எழுதுகிறேன்.

எந்த வகை ஆட்டோமேட்டிக்?

லிவரைப் பாருங்கள். அதில் ‘பி’ என்ற எழுத்து இருந்தால் உங்களுடையது பெரும்பாலும் டார்க் கன்வெர்ட்டர் வைத்த பழைய முறை ஆட்டோமேட்டிக், அல்லது பெல்ட்டில் ஓடும் சி.வி.டி. ‘பி’ இல்லாமல் ஆர், என், டி, எம் மட்டும் இருந்தால் அநேகமாக ஏ.எம்.டி.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் தயாராகி 2007 இறுதியில் விற்பனைக்கு வந்த ஹூண்டாய் ஐ10 வண்டியின் 1.2 லிட்டர் ஆட்டோமேட்டிக், நான்கு கியர் டார்க் கன்வெர்ட்டர் வகை. மாருதி ஏ-ஸ்டார், ஹோண்டா பிரியோ ஆட்டோமேட்டிக்குகளும் டார்க் கன்வெர்ட்டர் இனம்தான். 2014 பிப்ரவரியில் மாருதி செலேரியோ வந்த பிறகுதான் ஏ.எம்.டி. நம் நாட்டுச் சின்னக் கார்களுக்குள் நுழைந்தது. பின்னாலேயே ஆல்டோ கே10, வேகன்-ஆர், ஓரகடத்தில் தயாரான ரெனோ க்விட் எல்லாம் வந்தன. க்விட்டில் லிவரே கிடையாது. டேஷ்போர்டில் திருகும் குமிழ்தான். அன்று வாங்கிய செலேரியோக்கள் இன்று பத்து வயதைத் தாண்டிவிட்டன. கப்பலுக்கோ வளைகுடாவுக்கோ போனவர் வாங்கி, ஊரில் முழங்கால் வலியுள்ள அப்பாவோ மாமனாரோ ஓட்டும் வண்டிகளில் இந்த வகையும் சேர்த்தி.

இரண்டுக்கும் உள்ளே பெரிய வித்தியாசம் உண்டு. ஏ.எம்.டி.யில் இருப்பது சாதாரண ஐந்து கியர் மேனுவல் பாக்ஸும் சாதாரணக் கிளட்ச் பிளேட்டும்தான். நம் காலும் கையும் செய்யும் வேலையைப் பல வண்டிகளில் ஒரு சின்ன மோட்டார் பம்ப், ஆயில் அழுத்தம், சில வால்வுகள், ஒரு கம்ப்யூட்டர் ஆகியவை சேர்ந்து செய்கின்றன. டார்க் கன்வெர்ட்டர் வகையில் நாம் அறிந்த கிளட்ச் பிளேட்டே இல்லை. என்ஜின் சுற்றும் சுற்றை ஆயில்தான் பாக்ஸுக்குக் கடத்துகிறது. உள்ளே இருக்கும் சின்னக் கிளட்ச் தகடுகளை அழுத்திப் பிடிப்பதும் அதே ஆயில்தான். அதனால் ஏ.எம்.டி.க்கு மின்சாரமும் கிளட்ச்சும், டார்க் கன்வெர்ட்டருக்கு ஆயில் என்று கவனத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். ஏ.எம்.டி.யில் ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறும்போது வண்டி ஒரு நொடி தலையாட்டுவது கோளாறு இல்லை. கிளட்ச்சை விட்டுப் பிடிக்கும் அந்த இடைவெளியில் இழுவை அறுபடுகிறது, அவ்வளவுதான். அந்த இடத்தில் ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் தளர்த்தினால் குறைந்துவிடும். புதிதாக வாங்கியபோதே இருந்த ஆட்டத்துக்குச் செலவு செய்ய வேண்டாம். நேற்று இல்லாமல் இன்று வந்த ஆட்டம் வேறு விஷயம்.

பேட்டரியும் எர்த் ஒயரும்

கடலுக்குப் போய் வந்த போட் என்ஜினை நன்னீரில் கழுவி, டெர்மினலில் கிரீஸ் தடவாமல் விடுகிற மீனவர் இந்தக் கரையில் கிடையாது. உப்பு செம்பை என்ன செய்யும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதே அக்கறை வாசலில் கவர் போட்டு நிற்கும் காருக்கும் வேண்டும். கப்பலில் இருக்கிறவர் ஆறு மாதம், எட்டு மாதம் கழித்துத் திரும்புகிறார். அதுவரை வண்டி எப்போதாவதுதான் ஓடுகிறது. கவருக்குள் ஈரமும் உப்பும் தங்குகின்றன. பேட்டரி இறங்குகிறது, டெர்மினல் பூக்கிறது, ஒயர்களை இணைக்கும் கப்ளருக்குள் பச்சைக் களிம்பு படிகிறது. வந்தவர் சாவியைத் திருப்பியதும் ‘என்’ எழுத்து மினுக்குகிறது, கியர் விழவில்லை.

நூற்றுக்கணக்கில் செலவாகும் ஒரு மல்டிமீட்டர் வாங்கி வையுங்கள். ஆயிரக்கணக்கில் மிச்சப்படுத்தும். இரவு முழுக்க நின்ற வண்டியில் காலையில் பேட்டரியின் இரு முனைகளிலும் வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட் காட்டினால் நிறைவாக இருக்கிறது. 12.2 என்றால் பாதிதான். 12-க்குக் கீழே போனால் கியர் கோளாறைப் பற்றிப் பேசும் முன் பேட்டரியைச் சார்ஜ் செய்ய வேண்டும். ஸ்டார்ட் அடிக்கும்போது வோல்ட் 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரியின் ஆயுள் முடிந்துகொண்டிருக்கிறது. என்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆல்டர்னேட்டரைப் பாருங்கள். ஏ.எம்.டி.யின் பம்பும் வால்வுகளும் வோல்ட் குறைந்தால் கியரைப் பாதியில் விட்டுவிடும். கம்ப்யூட்டர் அதைக் கியர் கோளாறு என்றே பதிவு செய்யும். உண்மையில் குற்றவாளி பேட்டரி.

அடுத்தது எர்த். பேட்டரி நெகட்டிவிலிருந்து ஒரு தடித்த ஒயர் பாடிக்கும் இன்னொன்று என்ஜின் அல்லது கியர்பாக்ஸுக்கும் போகும். கண்ணுக்கு நன்றாக இருக்கும். போல்ட்டுக்கு அடியில் துரு தின்றிருக்கும். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவ் முனையிலும், மறுமுனையை என்ஜின் பிளாக்கின் சுத்தமான இரும்பிலும் வையுங்கள். ஒருவரை ஸ்டார்ட் அடிக்கச் சொல்லுங்கள். 0.2, 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, எர்த் போல்ட்டைக் கழற்றி, இரு பக்கமும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள். கியர்பாக்ஸ் மேலிருக்கும் கப்ளர்களைக் கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே அடித்துக் காயவிட்டு மாட்டுங்கள். மண்ணெண்ணெய், டீசல் எதுவும் வேண்டாம். ரப்பர் சீல் உப்பிப்போகும். பேட்டரியைக் கழற்றி மாட்டிய பிறகு சில வண்டிகளில் கொஞ்ச தூரத்துக்குக் கியர் மாறும் விதம் மாறித் தெரியும். ஓட ஓடச் சரியாகும்.

பனிக்காலத்தில் விடியற்காலை மட்டும் தொல்லை கொடுத்து, வெயில் ஏறியதும் ஒழுங்காக ஓடும் வண்டி என்றால் கப்ளரில் ஈரம் என்று பெரும்பாலும் துணிந்து சொல்லலாம். உப்புப் படிந்த இடம் காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும்.

இன்னொரு சின்ன விஷயம், பலருக்குத் தோன்றாதது: பிரேக் லைட். ஒருவரைப் பின்னால் நிற்க வைத்துப் பிரேக்கை மிதியுங்கள். லைட் எரியவில்லையா? பிரேக் மிதித்ததைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் சுவிட்ச் போயிருக்கலாம். அது சொல்லாதவரை டார்க் கன்வெர்ட்டர் வண்டியில் லிவர் ‘பி’யை விட்டு வராது, ஏ.எம்.டி. ஸ்டார்ட் ஆகாது, அல்லது ‘என்’னிலிருந்து ‘டி’க்குப் போகாது. பெடலுக்கு மேலே இருக்கும் ஒரு சின்ன சுவிட்ச்தான். முதலில் பியூஸைப் பாருங்கள், அப்புறம் சுவிட்ச்சை.

ஏ.எம்.டி.யில் கேட்டும் பார்த்தும் அறிவது

பல ஏ.எம்.டி. வண்டிகளில் டிரைவர் கதவைத் திறந்தவுடனோ சாவியைத் திருப்பியவுடனோ பானெட்டுக்குள் ஒரு ‘ர்ர்ர்’ சத்தம் சில நொடி கேட்டு அடங்கும். பம்ப் ஆயிலை அழுத்தி வைக்கும் சத்தம் அது. சுத்தமாகவே கேட்கவில்லை என்றால் பியூஸ், ரிலே, பம்ப் மோட்டார் என்ற வரிசையில் பார்க்கச் சொல்லுங்கள். பியூஸும் ரிலேயும் மலிவு. பம்ப் விலை அதிகம். வரிசையை மாற்ற விடாதீர்கள். ஓடும்போது பம்ப் சில நொடிக்கு ஒருமுறை விடாமல் சத்தம் போட்டால் சேர்த்து வைத்த அழுத்தம் கசிகிறது. எங்கேயாவது ஆயில் ஒழுகுகிறதா என்று பாருங்கள். ஒழுகல் இல்லாவிட்டால் அழுத்தத்தைத் தாங்கும் அக்யுமுலேட்டர் தளர்ந்திருக்கக்கூடும்.

அந்தப் பம்பின் டப்பாவில் இருப்பது அதற்கென்றே உள்ள ஹைட்ராலிக் ஆயில். கியர் ஆயில் வேறு, இது வேறு. அளவு குறைந்திருக்கிறது என்று பிரேக் ஆயிலை ஊற்றிவிட்டால் சீல்கள் கெட்டு, பழுது பார்க்கவே முடியாத இடத்துக்குப் போய்விடும். இதில் எந்தச் சமரசமும் வேண்டாம்.

கிளட்ச் தேய்ந்ததை அறிவது எளிது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் என்ஜின் சத்தம் ஏறும், வேகம் ஏறாது. சாத்தான்குளம், குதிரைமொழிப் பக்கத்துத் தேரி மணலிலும், மணப்பாடு கடற்கரை மணலிலும் சக்கரம் புதைந்து ஓட்டியவர்களுக்கு இது சீக்கிரமே வரும். மணலில் சிக்கினால் டி-யில் போட்டு மிதித்துக்கொண்டே இருக்கக் கூடாது. கிளட்ச் கருகும் வாசனை வந்த நொடியில் என்ஜினை நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிடுங்கள்; டயருக்கு முன்னால் பனை மட்டையோ பலகையோ போட்டு, நாலு பேர் தள்ளி எடுங்கள். டார்க் கன்வெர்ட்டர் வண்டிக்கும் இதே விதிதான். அங்கே கருகுவது ஆயில்.

கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்து மாற்றுவது நல்லது. மாற்றிய பிறகு ஸ்கேனரை மாட்டி, புதுக் கிளட்ச் எங்கே பிடிக்கிறது என்று கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். ‘லேர்னிங்’ என்று ஒர்க்‌ஷாப்பில் சொல்வார்கள். இதைச் செய்யாமல் கொடுத்த வண்டி புதுக் கிளட்ச்சோடு முன்னைவிட மோசமாக வெட்டி இழுக்கும். உடனே ‘ஆக்சுவேட்டரும் போச்சு’ என்று, அதாவது பம்பும் வால்வுகளும் சேர்ந்த தொகுதிக்கும், அடுத்த பில் வரும். கிளட்ச் வேலைக்கு விடும் முன்பே ‘லேர்னிங் செய்யும் ஸ்கேனர் உங்களிடம் இருக்கிறதா?’ என்று கேளுங்கள். இல்லை என்றால் வேறு இடம் பாருங்கள்.

டார்க் கன்வெர்ட்டரில் ஆயில்

ஆயிலைப் பார்க்கும் முறையிலேயே பலர் தவறுகிறார்கள். வண்டி பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓடி சூடாக இருக்க வேண்டும். சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பிரேக்கை மிதித்தபடி லிவரை எல்லா நிலைக்கும் ஒருமுறை கொண்டுபோய், மறுபடி ‘பி’யில் வையுங்கள். வண்டியின் கையேடு வேறுவிதமாகச் சொல்லாதவரை என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே கேஜை இழுத்துத் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பாருங்கள். ‘ஹாட்’ என்ற குறிக்குள் அளவு நிற்க வேண்டும். என்ஜின் ஆயிலைப் போல நிறுத்திவிட்டுப் பார்த்தால் அளவு தப்பாகக் காட்டும். குறைவும் கேடு, அதிகமும் கேடு. அதிகமானால் ஆயில் நுரைத்து அழுத்தம் நிற்காது. சில வண்டிகளில் கேஜ் இருக்காது. லிப்ட்டில் ஏற்றித்தான் பார்க்க வேண்டும்.

கேஜில் வந்ததை வெள்ளைத் துணியில் துடையுங்கள். சிவப்பாகவோ இளம்பழுப்பாகவோ இருந்தால் நல்லது. கறுத்து, கருகிய வாசனை அடித்தால் உள்ளே தகடுகள் தேய்ந்திருக்கின்றன. மினுமினுக்கும் இரும்புத்தூள் தெரிந்தால் பாக்ஸைப் பற்றிய கவலை நியாயமானதுதான். ரோஸ்மில்க் மாதிரி கலங்கியிருந்தால் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. அந்த வண்டியை அதற்கு மேல் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள்.

தண்ணீர் எங்கிருந்து வந்தது? நம் பக்கத்தில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. பல ஆட்டோமேட்டிக்குகளில் கியர் ஆயில் ஆறுவதற்கான குழாய் ரேடியேட்டரின் உள்ளேயே இருக்கும். கூலன்ட் குறைந்தால் கைக்குக் கிடைத்த போர் தண்ணீரை ஊற்றுகிறோம். கடற்கரை ஊரில் அது பெரும்பாலும் உப்புத் தண்ணீர். உள்ளிருந்தே அரித்து, ஒருநாள் ஆயிலும் கூலன்ட்டும் கலந்துவிடும். தகடுகளில் பசையால் ஒட்டிய உராய்வுப் படலம் தண்ணீர் பட்டால் உரியும். டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் வாங்க ஆகும் செலவை யோசிக்கவே வேண்டாம்.

பிரேக்கை மிதித்தபடி ‘என்’னிலிருந்து ‘டி’க்குப் போடுங்கள். சுமார் ஒரு நொடிக்குள் வண்டி லேசாக இழுப்பதை உணர வேண்டும். ‘ஆர்’-க்கு ஒன்றரை நொடி வரை ஆகலாம். அதற்கு மேல் தாமதித்து, பிறகு ‘டக்’கென்று விழுந்தால் முதலில் ஆயில் அளவு, அடுத்து பில்டர், அதன்பின் உள் அழுத்தம். ‘டக்’ சத்தம் மட்டும் பெரிதாக இருந்து தாமதம் இல்லையென்றால் என்ஜின் மவுண்டிங்கைச் சந்தேகியுங்கள். பானெட்டைத் திறந்து, பக்கவாட்டில் நின்று ஒருவர் பார்க்க, இன்னொருவர் பிரேக்கை அழுத்தி மிதித்து ‘டி’, ‘ஆர்’ மாற்றட்டும். என்ஜின் எழும்பிக் குதித்தால் ரப்பர் போய்விட்டது. வண்டிக்கு நேர் முன்னால் யாரும் நிற்கக் கூடாது. சக்கரத்துக்குக் கல் வைத்த பிறகே இதைச் செய்யுங்கள்.

ஆயில் மாற்றுவதில் என் கருத்து இது. டிரெயின் போல்ட்டைக் கழற்றினால் மொத்த ஆயிலும் வராது. கணிசமான பங்கு கன்வெர்ட்டருக்குள்ளேயே தங்கும். ஆகவே கழற்றி ஊற்றி, சில நூறு கிலோமீட்டர் ஓட்டி, மறுபடி கழற்றி ஊற்றி என்று இரண்டு மூன்று முறை செய்தால் படிப்படியாகச் சுத்தமாகும். லட்சம் கிலோமீட்டர் ஆயிலே மாற்றாத பழைய பாக்ஸை மெஷின் வைத்து ஒரே மூச்சில் கழுவ நான் சம்மதிக்க மாட்டேன். அடியில் படிந்த கசடு கிளம்பி வால்வுகளை அடைத்துவிடும். ஆயில் ரகமும் முக்கியம். பழைய ஹூண்டாய் நான்கு கியர் பாக்ஸுக்கு எஸ்.பி.-3 ரக ஏ.டி.எஃப். (ஆட்டோமேட்டிக் கியர் ஆயில்) என்றால் அதுவேதான். சி.வி.டி.க்கு அதற்கென்ற தனி ஆயில்; வேறெதையும் ஊற்றினால் பெல்ட் வழுக்கித் தேயும். சி.வி.டி.யைப் பற்றி வீட்டில் செய்ய வேறு வேலை இல்லை. ரீங்காரம் திடீரென்று கூடினாலோ அதிர்வு வந்தாலோ அந்தக் கம்பெனி ஒர்க்‌ஷாப்புக்கே போங்கள்.

ஓட்டிப் பார்ப்பது

காலை ஆறு மணிக்கு மணப்பாட்டுக்கும் உவரிக்கும் இடையே கிழக்குக் கடற்கரைச் சாலை காலியாக இருக்கும். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து குறித்துக்கொள்ளட்டும்: எந்த வேகத்தில் எந்தக் கியர் மாறியது, எங்கே வெட்டியது, என்ஜின் சூடாக இருந்ததா. மெதுவாக மிதித்து ஓட்டினால் நல்ல நிலையிலிருக்கும் நான்கு கியர் பாக்ஸ் 60 கிலோமீட்டர் வேகத்துக்குள் மேல் கியருக்குப் போய்விட வேண்டும்.

புறப்படும்போதே சோம்பி, 50, 60-இல் என்ஜின் கத்திக்கொண்டு ஒரே கியரில், பெரும்பாலும் மூன்றாவதில், ஓடினால் பயப்படாதீர்கள். ஏதோ ஒரு சென்சார் தப்பாகச் சொல்கிறது என்று கம்ப்யூட்டர் பாக்ஸைக் காப்பாற்ற ஒரே கியரில் பூட்டியிருக்கிறது. வண்டியை நிறுத்தி, சாவியை எடுத்து, சில நிமிடம் கழித்து ஸ்டார்ட் செய்யுங்கள். மறுபடி எல்லாக் கியரும் விழுந்து, சிறிது நேரம் கழித்து மீண்டும் பூட்டிக்கொண்டால் ஒயர், சென்சார், சொலினாய்டு பக்கம் சந்தேகம் வலுக்கிறது.

குளிர்ந்திருக்கும்போது மட்டும் தாமதித்தால் இறுகிய சீல் அல்லது பழைய ஆயில். சூடான பின் மட்டும் ஸ்லிப் ஆனால் ஆயில் குறைவு, தளர்ந்த பம்ப், தேய்ந்த தகடு என்று கவலைக்கிடமான பட்டியல். ஓடிக்கொண்டிருக்கும்போது, கியரே மாறாத இடத்தில் குலுக்கினால் ஸ்பார்க் பிளக், காயிலைப் பாருங்கள். அந்தக் குலுக்கலையும் கியர் ஜெர்க் என்று சொல்லிப் பாக்ஸைக் கழற்றியவர்கள் உண்டு. முழுத் திருப்பத்தில் மட்டும் ‘கட கட’ என்றால் டிரைவ் ஷாப்ட் ஜாயின்ட். பிரேக்கை அழுத்திப் பிடித்து ஆக்ஸிலேட்டரை முழுதாக மிதிக்கும் சோதனையைச் சிலர் செய்வார்கள். பழைய பாக்ஸில் அதை அனுமதிக்காதீர்கள். சில நொடிகளிலேயே ஆயில் கொதித்துவிடும்.

ஸ்கேனரில் பி 0700 என்ற கோடு வந்தால் ‘பாக்ஸின் கம்ப்யூட்டர் ஏதோ சொல்கிறது’ என்று மட்டும்தான் பொருள். கூடவே வரும் அடுத்த கோடுதான் முக்கியம். பி 0715 உள்சுற்று வேக சென்சார், பி 0720 வெளிச்சுற்று வேக சென்சார். இரண்டும் வெளியிலிருந்தே மாற்றக்கூடியவையாகப் பல வண்டிகளில் இருக்கும். மாற்றும் முன் கப்ளரைச் சுத்தம் செய்து பாருங்கள். பி 0730, கியர் விகிதம் தப்பு என்று வந்து, ஆயிலும் கறுத்திருந்தால் அப்போது பாக்ஸைத் திறக்கும் பேச்சுக்குக் காது கொடுக்கலாம். மலிவான ஸ்கேனர்கள் என்ஜினை மட்டும் படித்து, கியர்பாக்ஸைப் படிக்காமல் ‘கோளாறு இல்லை’ என்று காட்டும். அதை நம்பாதீர்கள்.

வெள்ளத்தில் நின்ற வண்டி

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டம் பட்டதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. அந்தத் தண்ணீரில் நின்ற கார்கள் கழுவித் துடைக்கப்பட்டு இன்றும் கைமாறிக்கொண்டிருக்கலாம். பழைய ஆட்டோமேட்டிக் வாங்கப் போகிறீர்கள் என்றால் தரை விரிப்பைத் தூக்கி அடியில் வண்டல் இருக்கிறதா, சீட் தண்டவாளம் துருவேறியிருக்கிறதா, ஸ்டெப்னி குழியில் சேறு காய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கியர்பாக்ஸுக்கு மூச்சுவிட மேலே ஒரு சின்னத் துளை உண்டு. தண்ணீர் அதற்கு மேலே ஏறியிருந்தால் உள்ளே போயிருக்கும். சந்தேகம் வந்தால் ஆயிலைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். விற்பவர் மறுத்தால் அந்த வண்டி வேண்டாம். உங்கள் வண்டியே இனி வெள்ளத்தில் மூழ்கினால் சாவியைத் திருப்பாதீர்கள். பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஆயில்களை மாற்றிய பிறகே என்ஜினை எழுப்ப வேண்டும்.

ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோவது

பேட்டரி வோல்ட், எர்த் அளவு, ஆயிலின் நிறம், எந்த வேகத்தில் என்ன நடந்தது, ஸ்கேனர் கோடு எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். நல்ல மெக்கானிக் அந்தத் தாளைப் பார்த்ததும் சந்தோஷப்படுவார். அவருக்குப் பாதி வேலை முடிந்துவிடுகிறது. கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

பெரியதாழையிலிருந்து திருச்செந்தூர் சுமார் 30 கிலோமீட்டர், தூத்துக்குடி சுமார் 70. ஓடாத வண்டியைக் கயிறு கட்டி இழுத்துப் போகும் பழக்கம் மேனுவல் காருக்குச் சரி. டார்க் கன்வெர்ட்டர் வண்டியில் என்ஜின் ஓடினால்தான் பாக்ஸுக்குள் ஆயில் சுற்றும். நிறுத்திய என்ஜினோடு இழுத்தால் உள்ளே ஆயிலில்லாமல் உலோகம் உரசி, இல்லாத கோளாறும் வந்து சேரும். ஏ.எம்.டி.யும் கியரில் மாட்டிக்கொண்டு ‘என்’னுக்கு வராவிட்டால் அதே கதைதான். இங்கே பெயர் சொன்ன சின்ன ஆட்டோமேட்டிக்குகள் எல்லாம் முன்சக்கரத்தில் இழுபவை. எனவே தட்டு வண்டியில் ஏற்றுங்கள்; அது கிடைக்காவிட்டால் முன்பக்கத்தைத் தூக்கிக் கட்டுங்கள். போய்ச் சேரும்வரை முன்சக்கரம் இரண்டும் தரையைத் தொடக் கூடாது.